சர்வரின் வட்டு நிரம்பினால்: சுத்தம் செய்வதா, பெரிதாக்குவதா, தரவைப் பிரித்து வைப்பதா?

லினக்ஸ் ஹோஸ்டிங் சர்வர் ஒன்றின் வட்டு நிரம்பிவிட்ட செய்தி பெரும்பாலும் சுற்றி வளைத்தே நம்மை வந்தடைகிறது. வாடிக்கையாளர் ஒருவர் தன் வேர்ட்பிரஸ் தளத்தில் படம் ஏறவில்லை என்பார். இன்னொருவர் காலையிலிருந்து மின்னஞ்சல் வரவில்லை என்பார். மூன்றாமவர் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் தளம் தன்னை உள்ளே விடவில்லை என்பார். முகப்புப் பக்கங்கள் மட்டும் வழக்கம்போலத் திறந்துகொண்டிருக்கும், ஏனென்றால் படிப்பதற்கு வட்டில் காலியிடம் தேவையில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே சென்று, ஓர் அடைவின் பெயரைப் பாதி தட்டச்சு செய்து டேப் விசையை அழுத்தினால், பெயர் நிறைவடைவதற்குப் பதில், தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' (வட்டில் இடமில்லை) என்று, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் ஒரு வரியைக் காட்டும்.

அந்த வரியைக் கண்டதும் நான்கு வழிகள் நம் முன் நிற்கின்றன. தேவையற்ற கோப்புகளை நீக்கி இடம் எடுக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தி வட்டைப் பெரிதாக்கலாம். தனியாக இன்னொரு வட்டை வாங்கி, தரவுத்தளத்தையோ தளங்களின் கோப்புகளையோ அதற்கு மாற்றலாம். படங்களையும் பேக்கப்களையும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு, அதாவது இணையம் வழியாகக் கோப்புகளை வைத்து எடுக்கும் வாடகைச் சேமிப்புக்கு, அனுப்பிவிடலாம். சிறிய ஹோஸ்டிங் சர்வர்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் எனக்கு, இவற்றில் எதுவும் எல்லா நேரத்துக்கும் பொருந்தியதாக நினைவில்லை. இடத்தைத் தின்றது எது, அது எந்த வேகத்தில் வளர்கிறது, எடுக்கப்போகும் நடவடிக்கையைப் பின்னால் திருப்ப முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் தேர்வு செய்யவே முடிகிறது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 80 ஜிபி வட்டு, உபுண்டு இயங்குதளம், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு), முப்பது வேர்ட்பிரஸ் தளங்கள், அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தள சர்வர்.

மூச்சுவிட இடம்

நள்ளிரவில் வட்டு நிரம்பிய நிலையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே முடியும். எனவே, முதல் வேலை யோசிப்பதற்கான அவகாசத்தைப் பெறுவது. இஎக்ஸ்டி4 உருவாக்கப்படும்போது வட்டில் 5 விழுக்காட்டை முழு உரிமை கொண்ட நிர்வாகியான ரூட் பயனருக்கென்று இயல்பாகவே ஒதுக்கிவைக்கிறது. வட்டு 100 விழுக்காடு நிரம்பியதாகக் காட்டும் நிலையிலும் ரூட்டாக உள்ளே நுழைந்து வேலை செய்ய முடிவதற்கு இந்த ஒதுக்கீடுதான் காரணம். நம் 80 ஜிபி வட்டில் அது 4 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையை எம் தெரிவுடன் கொடுத்து இந்த ஒதுக்கீட்டை 1 விழுக்காடாகக் குறைத்தால், சர்வரை நிறுத்தாமலே, ஒரு கோப்பையும் தொடாமலே, ஏறத்தாழ 3.2 ஜிபி அந்த நொடியே மற்றவர்களுக்குக் கிடைக்கும். பிறகு இதே கட்டளையால் ஒதுக்கீட்டைப் பழையபடி 5 ஆக்கிவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இப்படியொரு ஒதுக்கீடு இல்லை. அத்தகைய சர்வர்களில் 2 ஜிபி அளவில் வெறும் கோப்பு ஒன்றை ஃபாலொகேட் கட்டளையால் முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிட்டு, நெருக்கடி வரும்போது அதை நீக்குவது என் வழக்கம்.

தின்றது எது?

டிஎஃப் கட்டளை வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். டியூ கட்டளை எந்த அடைவில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் வேலை எளிது. டியூவுக்கு எக்ஸ் தெரிவைக் கொடுத்தால் அது வேறு மவுண்ட்களுக்குள் (அடைவுகளாக இணைக்கப்பட்ட பிற வட்டுகளுக்குள்) போகாமல் ஒரே கோப்பு முறைமைக்குள் நின்றுவிடும். பெரிய அடைவு எதுவென்று பார்த்துப் பார்த்து உள்ளே இறங்கினால் பத்து நிமிடத்தில் காரணம் கைக்கு வந்துவிடும். இரண்டும் ஒத்துப்போகாத நேரம்தான் ஆளைக் குழப்புவது, அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நீக்கப்பட்டும் திறந்தபடியே இருக்கும் கோப்பு. லினக்ஸில் ஒரு கோப்பை நீக்கினால் அதன் பெயர்தான் அடைவிலிருந்து போகிறது; ஏதேனும் ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதைத் திறந்து வைத்திருக்கும் வரை அதன் இடம் விடுவிக்கப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், எஞ்சின்எக்ஸ் என்ற வலை சர்வரின் அணுகல் லாக் (வருகைப் பதிவுக் கோப்பு) 11 ஜிபியாக வளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, ஆர்எம் கட்டளையால் அதை நீக்கினேன். டிஎஃப் காட்டிய எண் அசையவே இல்லை. டியூவோ அந்த அடைவில் ஒன்றுமில்லை என்றது. காரணம் புரியாமல், விடிவதற்குள் தளங்கள் எழ வேண்டுமே என்ற பதற்றத்தில் வட்டைப் பெரிதாக்கினேன். வேலை முடிந்து சர்வரை மறுதொடக்கம் செய்தபோது 11 ஜிபி தானாகவே திரும்பி வந்தது. பெரிதாக்கிய வட்டுக்கான கூடுதல் கட்டணம் மட்டும் மாதாமாதம் நிலைத்துவிட்டது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் பிளஸ் எல்1 என்ற தெரிவுடன் கொடுத்திருந்தால், பெயரில்லாமல் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலில் எஞ்சின்எக்ஸின் பெயரும் 11 ஜிபி என்ற அளவும் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். எஞ்சின்எக்ஸுக்கு லாக் கோப்பை மீண்டும் திறக்கச் சொல்லும் யூஎஸ்ஆர்1 சமிக்ஞையை அனுப்புவதோடு வேலை முடிந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் லாக்கை அவசரத்தில் குறைக்க வேண்டுமானால், நீக்காமல், ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைப் பூஜ்யமாக்குவதே சரி.

இரண்டாவது காரணம், மவுண்ட் செய்யப்பட்ட அடைவுக்கு அடியில் மறைந்திருக்கும் கோப்புகள். பேக்கப்புக்கென இணைத்த வட்டு ஒருநாள் மவுண்ட் ஆகாமல் போக, அன்றிரவு பேக்கப், இயங்குதளம் இருக்கும் ரூட் வட்டிலேயே எழுதப்பட்டு, மறுநாள் மேலே வட்டு மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால், இடத்தை அவை பிடித்துக்கொண்டே இருக்கும். ரூட் கோப்பு முறைமையை வேறோர் அடைவில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது அதையே இன்னோர் இடத்திலும் தெரியச் செய்து, அங்கே டியூவை ஓட்டினால் அவை வெளிப்படும்.

இவை தவிர, இடம் தாராளமாக இருந்தும் அதே பிழைச்செய்தி வருவதுண்டு. அப்போது டிஎஃப் கட்டளையை ஐ தெரிவுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். இஎக்ஸ்டி4 உருவாக்கப்படும்போதே, இயல்பான அமைப்பில் 16 கேபிக்கு ஓர் ஐநோட் (ஒரு கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) என்ற கணக்கில் அவற்றின் எண்ணிக்கை நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. 80 ஜிபிக்குச் சுமார் 52 லட்சம். ஒரு கோப்புக்கு ஓர் ஐநோட் என்பதால், 52 லட்சம் கோப்புகள் சேர்ந்துவிட்டால், வட்டில் பாதி காலியாக இருந்தாலும் அடுத்த கோப்பை உருவாக்க முடியாது. ஹோஸ்டிங் சர்வர்களில் இதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், வருகையாளரை நினைவில் வைக்கத் தளங்களின் பிஹெச்பி நிரல்கள் எழுதும் செஷன் கோப்புகள். டெபியனிலும் உபுண்டுவிலும், பழைய செஷன்களைத் துடைக்கும் பிஹெச்பியின் சொந்த ஏற்பாடு அணைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக, அரைமணிக்கு ஒருமுறை ஓடும் தனி வேலை ஒன்று பிஹெச்பியின் பொது அமைப்புக் கோப்பில் குறிப்பிடப்பட்ட இடத்தைத் துடைக்கும். பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்துக்கும் பிஹெச்பியைத் தளவாரியாகப் பிரித்து ஓட்டும் எஃப்பிஎம் பூல் அமைப்பில் தனித்தனி செஷன் அடைவு கொடுத்தோமென்றால், அந்த வேலைக்கு அவ்வடைவுகள் இருப்பதே தெரியாது. குக்கீயை ஏற்காத தேடுபொறி பாட்கள் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு புதிய செஷனை உண்டாக்கிவிட்டுப் போகும். அவற்றுள் பல பூஜ்ய பைட் அளவுள்ளவை. வட்டில் ஒரு கேபிகூடப் பிடிக்காத இந்தக் கோப்புகள்தான் சர்வரை நிறுத்திவிடுகின்றன. டியூ கட்டளையை ஐநோட்ஸ் தெரிவுடன் ஓட்டினால் எந்த அடைவில் எத்தனை கோப்புகள் என்று எண்ணிக் காட்டும். அந்த அடைவுக்குள் நட்சத்திரக் குறியுடன் ஆர்எம் கொடுத்தால் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' (பட்டியல் மிக நீளம்) என்று மறுக்கும். ஃபைண்ட் கட்டளையின் டிலீட் தெரிவால், ஒரு நாளுக்கு மேல் பழையவற்றை மட்டும் நீக்க வேண்டும்.

முதல் வழி: சுத்தம் செய்தல்

செலவில்லாதது, உடனே பலன் தருவது என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் நாடுகிறோம், அதில் தவறில்லை. ஆனால், இந்த நான்கு வழிகளில் தரவு இழப்புக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான். நீக்கிய கோப்புக்குத் திரும்பும் வழியில்லை. ஆகவே, நீக்கக்கூடியவற்றை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன்: மீண்டும் தானாக உருவாகக்கூடியவை, உருவாக முடியாதவை.

முதல் வகையில் அச்சமில்லை. நிரல்களை நிறுவும் ஏபிடி இறக்கி வைத்திருக்கும் நிறுவல் கோப்புகள், பயன்பாட்டில் இல்லாத பழைய கர்னல்கள் (இயங்குதளத்தின் மையப்பகுதி), வேர்ட்பிரஸ் கேஷ் பிளக்இன்கள் சேர்த்துவைக்கும் பக்கப் பிரதிகள் ஆகியவற்றை உரிய கட்டளைகள் வழியாகவே நீக்கிவிடலாம். சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல் (நிகழ்வுப் பதிவு) தனக்கென வைத்திருக்கும் வரம்பு கோப்பு முறைமையின் 10 விழுக்காடு, அதிகபட்சம் 4 ஜிபி. நம் 80 ஜிபி வட்டில் அது 4 ஜிபியைத் தொடும். முப்பது தளங்கள் ஓடும் சர்வருக்கு 500 எம்பி ஜர்னல் போதும் என்பது என் அனுபவம். ஒருமுறை வேக்யூம் செய்து பழைய பதிவுகளை நீக்கினால் மட்டும் போதாது; அமைப்புக் கோப்பிலும் அந்த வரம்பை எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் அது பழைய அளவுக்கே திரும்பும். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கர் உள்ள சர்வர்களில், கன்டெய்னர்களின் லாக் இயல்பான அமைப்பில் எந்த வரம்புமின்றி வளரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படாதவற்றை நீக்கும் டாக்கரின் ப்ரூன் கட்டளையை, தரவுப் பகுதிகளையும் துடைக்கும் வால்யூம்ஸ் தெரிவுடன் கொடுப்பதை மட்டும், தரவுத்தளம் எந்த வால்யூமில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத யாரும் செய்யவே கூடாது.

இரண்டாம் வகையில்தான் நிதானம் தேவை. மைஎஸ்கியூஎல் 8.0 முதல், தரவில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் இயல்பாகவே இயங்குகிறது, 30 நாட்களுக்கு வைக்கப்படுகிறது. தரவுத்தளம் வெறும் 6 ஜிபியாக இருக்க, பக்கத்திலேயே பைனரி லாக் 9 ஜிபி இருப்பதைப் பார்த்துப் பலர் திகைத்து, அவற்றை ஆர்எம்மால் நீக்கிவிடுகிறார்கள். எந்தெந்த லாக் கோப்புகள் உள்ளன என்ற பட்டியலை மைஎஸ்கியூஎல் தனியே ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. அதற்குத் தெரியாமல் கோப்புகளை நீக்கினால் பட்டியலும் வட்டும் முரண்படும், அந்த லாக்கைப் படித்து நகலாக இயங்கும் பிரதி சர்வர் இன்னும் படிக்காத பகுதி போய்விட்டால் பிரதியெடுப்பே நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லுக்குள் நுழைந்து, பர்ஜ் பைனரி லாக்ஸ் என்ற கட்டளைக்கு ஒரு தேதியைக் கொடுத்து நீக்குவது ஒரு நிமிட வேலை, ஆபத்தும் இல்லை. எத்தனை நாள் வைப்பது என்பது பேக்கப்பைப் பொறுத்தது: ஒவ்வோர் இரவும் பேக்கப் வெளியே போகிறது, அது மீட்கக்கூடியதாக இருக்கிறது என்று சோதித்துப் பார்த்திருந்தால், மூன்று நாள் லாக் போதும்.

தரவுத்தளத்தில் வரிசைகளை நீக்கினால் இடம் திரும்பும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, நீக்கப்பட்ட வரிசைகளின் இடத்தைத் தன் கோப்புக்குள்ளேயே மறுபயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும்; கோப்பு சுருங்காது. சுருக்க வேண்டுமானால் ஆப்டிமைஸ் டேபிள் கொடுக்க வேண்டும், அது அட்டவணையை முழுவதும் புதிதாக எழுதுவதால் ஏறத்தாழ அட்டவணையின் அளவுக்கே தற்காலிக இடம் கேட்கும். நிரம்பிய வட்டில் இதைத் தொடங்குவது நெருப்பை எண்ணெய் ஊற்றி அணைக்க முயல்வதற்குச் சமம்.

தளங்களின் படங்களைத் துப்புரவுப் பட்டியலில் நான் சேர்ப்பதில்லை, அவை வாடிக்கையாளரின் சொத்து. ஆனால், அவை ஏன் இவ்வளவு பெருகுகின்றன என்பதை அறிந்துகொள்வது பயன்படும். வேர்ட்பிரஸ் 5.3 வெளிவந்த 2019 முதல், 2560 பிக்சலுக்கு மேற்பட்ட ஒரு புகைப்படத்தை ஏற்றினால் மூலப்படம் ஒன்று, சுருக்கிய படம் ஒன்று, அவற்றுக்குக் கீழே 2048, 1536, 1024, 768, 300, 150 என்ற அளவுகளில் ஆறு என எட்டுக் கோப்புகள் உருவாகின்றன. கடை நடத்தும் பிளக்இன்களும் தீம்களும் தம் பங்குக்கு இன்னும் சிலவற்றைச் சேர்க்கும். பயன்படாத அளவுகளை இனி உருவாக்காமல் தடுப்பது நல்லது. பழையவற்றை நீக்குவதானால், எந்தப் பக்கம் எந்த அளவை அழைக்கிறது என்று தளத்துக்கு உரியவரோடு கலந்து பேசிய பிறகே செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி: வட்டைப் பெரிதாக்குதல்

இதன் வலிமை எளிமை. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அளவைக் கூட்டி, குரோபார்ட் கட்டளையால் பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) நீட்டி, ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் இஎக்ஸ்டி4ஐ நீட்டினால், தளங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்தால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளைக்கு, வட்டின் பெயருக்குப் பதில் அது மவுண்ட் ஆகியிருக்கும் அடைவின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: வட்டு முற்றிலும் நிரம்பியிருந்தால் குரோபார்ட் தன் தற்காலிக அடைவை உருவாக்க முடியாமல் நின்றுவிடும். விரிவாக்குவதற்கே இடமில்லை என்ற இந்த நிலையில் திகைக்க வேண்டியதில்லை. டிஎம்பி அடைவின் மேல் 10 எம்பி அளவில் ஒரு டிஎம்பிஎஃப்எஸ்ஸை மவுண்ட் செய்துவிட்டு மீண்டும் ஓட்டினால், அது நினைவகத்தில் எழுதிக்கொண்டு வேலையை முடித்துவிடும்.

இதன் பலவீனம், திரும்பி வர முடியாமை. அமேசானின் இபிஎஸ் வட்டையும் டிஜிட்டல்ஓஷன் ஹோஸ்டிங் நிறுவனத்தில் வட்டோடு பெரிதாக்கிய சர்வரையும் பின்னால் சிறிதாக்க முடியாது. கோப்பு முறைமை அளவிலும் இதே நிலைதான்: இஎக்ஸ்டி4ஐ மவுண்ட் நீக்கிச் சுருக்கலாம், எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்குவது நடைமுறையில் இயலாதது, ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7ஆம் பதிப்பு முதல் அதன் குடும்பத்து விநியோகங்களில் எக்ஸ்எஃப்எஸ்தான் இயல்பு. எனவே, ஒருநாள் லாக் கசிவுக்காகப் பெரிதாக்கிய வட்டுக்கு, புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றும் நாள்வரை கட்டணம் கட்டிக்கொண்டிருக்க நேரும். ஐநோட் தீர்ந்த நிலைக்கும் இது அரைகுறை மருந்து: இஎக்ஸ்டி4ஐ நீட்டும்போது அதே விகிதத்தில் ஐநோட்களும் கூடும், ஆனால் செஷன் கோப்புகள் பெருகும் வேகம் மாறாததால் அதே நெருக்கடி சில வாரங்கள் தள்ளி வரும்.

அப்படியானால் எப்போது இது சரி? சுத்தம் செய்து முடித்த பிறகும், நேர்மையான வளர்ச்சியால், அதாவது புதிய தளங்கள், புதிய வாடிக்கையாளர்கள், பெருகும் தரவுத்தளம் ஆகியவற்றால் வட்டு நிரம்புகிறது என்று அளந்து தெரிந்த பின் இதைத் தயங்காமல் செய்யலாம். ஒரு ஜிபிக்கு மாதம் கொடுக்கும் தொகை சிறியது. அதை மிச்சப்படுத்த ஒரு பொறியாளர் வாரத்துக்கு இரண்டு மணிநேரம் கோப்புகளைத் தேடித்தேடி நீக்கிக்கொண்டிருப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

மூன்றாம் வழி: தனி வட்டு

நீண்டகால நோக்கில் என் தேர்வு பெரும்பாலும் இதுதான். ரூட் வட்டு 80 ஜிபியாகவே இருக்கட்டும். தளங்களின் கோப்புகளோ தரவுத்தளமோ தனி வட்டில் இருக்கட்டும். ஒரு தளத்தின் பிழை லாக் அந்த வட்டை நிரப்பினாலும், ரூட் வட்டில் இடமிருப்பதால் சர்வருக்குள் நுழையலாம், மின்னஞ்சல் வரிசை நகரும், சான்றிதழ் புதுப்பிப்பும் நடக்கும். புதிய வட்டை நம் விருப்பப்படி வடிவமைக்கலாம் என்பது இன்னொரு நன்மை: ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்று சேமிக்கும் மெயில்டிர் அஞ்சல் பெட்டிகளுக்கு, ஐநோட்களைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கலாம், ரூட் பார்ட்டிஷனில் இந்த வசதி கிடைக்காது. பின்னாளில் சிறிய வட்டு போதுமென்றால், இன்னொன்றை இணைத்து ஆர்சிங்க் கருவியால் கோப்புகளை நகலெடுத்து, பழையதை விட்டுவிடலாம். ரூட் வட்டைப் போல நாம் அதில் சிக்கிக்கொள்வதில்லை.

செய்வதற்கு ஓரிரவு உழைப்பு வேண்டும், இரண்டு இடங்களில் கவனமும் வேண்டும். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் தரவை வேறிடத்துக்கு மாற்றினால், உரிமைகளெல்லாம் சரியாக இருந்தும் சேவை எழ மறுக்கும். உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் அதற்குப் பழைய அடைவை மட்டுமே அனுமதித்திருப்பதுதான் காரணம், புதிய அடைவையும் அதில் குறிப்பிட வேண்டும். அடுத்தது, மறுதொடக்கத்தின்போது வட்டு மவுண்ட் ஆகாமல் போகும் அபாயம். மவுண்ட் செய்யவேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டை யூயூஐடி (அதன் தனித்த அடையாள எண்) கொண்டு குறிப்பிடுவதோடு, மவுண்ட் செய்வதற்கு முன் அந்த வெற்று அடைவுக்குச் சேட்டர் கட்டளையால் மாற்ற முடியாத தன்மையைக் கொடுத்துவிடுவேன். வட்டு மவுண்ட் ஆகாத நாளில் அந்த அடைவில் எதையும் எழுத முடியாமல் சேவை உடனே பிழை காட்டி நின்றுவிடும்; ரூட் வட்டில் சத்தமில்லாமல் எழுதி, மேலே சொன்ன மறைந்த கோப்புகளை உண்டாக்கும் நிலை வராது.

நான்காம் வழி: ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்

அமேசான் 2006இல் எஸ்3ஐ அறிமுகப்படுத்திய பிறகு இவ்வகைச் சேமிப்பு பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது. ஜிபிக்கான விலை சர்வர் வட்டைவிடப் பெரும்பாலும் குறைவு, அளவுக்கு மேல்வரம்பு பற்றிய கவலையும் இல்லை. பேக்கப்களுக்கு இதற்கு இணையான இடம் இல்லை. சர்வரின் பேக்கப்பை அதே வட்டில் வைத்திருப்பது இருமடங்கு கேடு: வட்டையும் நிரப்புகிறது, வட்டு பழுதாகும் நாளில் தரவோடு சேர்ந்து தானும் போகிறது. வாடிக்கையாளர் தானே நிறுவிக்கொண்ட பேக்கப் பிளக்இன், தளத்தின் கோப்புகளுக்குள்ளேயே முந்தைய பேக்கப்களைச் சேர்த்துவைத்து, அடுத்த பேக்கப்பில் அவற்றையும் உள்ளடக்கி மடங்கு மடங்காக வளர்வதையும் பார்த்திருக்கிறேன்.

படங்களை அனுப்புவது இவ்வளவு எளிதல்ல. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் ஒரு கோப்பு முறைமை அல்ல. அதை எஸ்3எஃப்எஸ் போன்ற கருவியால் அடைவைப் போல மவுண்ட் செய்து, தளத்தை அதன் மேல் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால்கூட உள்ளே அது நகலெடுத்துப் பழையதை நீக்கும் வேலையாகிவிடுகிறது, ஆயிரம் படங்களுள்ள அடைவைப் பட்டியலிடுவதற்குள் பக்கம் திறக்கும் பொறுமை வாசகருக்குத் தீர்ந்துவிடும். முறையான வழி, பிளக்இன் மூலம் படங்களை அங்கே ஏற்றி, பக்கத்திலுள்ள முகவரிகளையே மாற்றுவது. அப்போது வெளியே செல்லும் தரவுக்கான கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு படம் சேமிப்பில் இருப்பதற்கான செலவைவிட, அது லட்சம் முறை பார்க்கப்படுவதற்கான செலவு பல மடங்காகலாம். ஒன்றிரண்டு பெரிய தளங்களுக்கு இந்த மாற்றம் தகும். முப்பது சிறு தளங்களுக்கு, முப்பது வாடிக்கையாளரின் பிளக்இன் அமைப்புகளையும் நாம் சுமக்க வேண்டியிருக்கும் என்பதால், தனி வட்டே மேல்.

சில தளங்களை வேறு சர்வருக்கு மாற்றுவது, பயனருக்கு இவ்வளவு என்று கோட்டா விதிப்பது ஆகியவையும் வழிகள்தாம். கோட்டாவை முதல் நாளே விதித்திருந்தால் நல்லது. நிரம்பிய பிறகு விதிப்பது வாடிக்கையாளரோடு வீண் மனக்கசப்பில்தான் முடியும்.

எடுத்துக்காட்டுச் சர்வருக்கு என் முடிவு

ஒதுக்கீடு போக 76 ஜிபியும் நிரம்பியிருக்கிறது என்று கொள்வோம்: இயங்குதளம் 7, லாக்கும் ஜர்னலும் 7, தரவுத்தளம் 6, பைனரி லாக் 9, தளங்களின் கோப்புகள் 30, ஒரு வாரத்து உள்ளூர் பேக்கப் 17. இவற்றில் நேர்மையான வளர்ச்சி என்பது தரவுத்தளமும் தளங்களும் சேர்ந்த 36 ஜிபி மட்டுமே. பைனரி லாக்கை 3 நாட்களாகக் குறைத்தால் 8 ஜிபி திரும்பும். ஜர்னலுக்கு 500 எம்பி வரம்பும், தளங்களின் லாக்குக்கு ஒழுங்கான சுழற்சியும் சுருக்கமும் அமைத்தால் 5 ஜிபி. பேக்கப்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்பி, ஒன்றை மீட்டெடுத்துச் சோதித்த பிறகு, நேற்றைய பேக்கப்பை மட்டும் உள்ளூரில் வைத்தால் 14 ஜிபி. ஆக, 27 ஜிபி கிடைத்து, பயன்பாடு 49க்கு இறங்கும். வட்டைப் பெரிதாக்க இன்று காரணமே இல்லை.

எச்சரிக்கையை 80 விழுக்காட்டில், அதாவது ஏறத்தாழ 61 ஜிபியில் வைப்பேன். ஐநோட்களுக்கும் அதே 80இல் தனி எச்சரிக்கை. தளங்கள் மாதம் 1.5 ஜிபி வளர்ந்தால் 49இலிருந்து 61ஐத் தொட எட்டு மாதமாகும். அந்த எச்சரிக்கை வரும் வாரத்தில் 100 ஜிபியில் ஒரு தனி வட்டை வாங்கி, ஒரு சனிக்கிழமை இரவு தளங்களின் கோப்புகளை ஆர்சிங்க் கொண்டு அதற்கு மாற்றுவேன்: பகலில் தளங்கள் ஓடும்போதே ஒருமுறை, இரவில் சேவைகளை நிறுத்திவிட்டு மிச்சத்துக்காக இன்னொரு முறை. பழைய அடைவைப் பெயர் மாற்றி ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து, எந்தத் தளத்திலிருந்தும் புகார் வரவில்லை என்றான பிறகு நீக்குவேன்.